ஒரு சிமிட்டு ஆமாம், இரண்டு சிமிட்டு இல்லை

எங்கள் ஊரில் செத்தவர்கள் காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது ஏழு மணிக்குப் போர்வையைப் பிடித்து இழுத்தாலும் எழாத ஆசாமிகள் அவர்கள். செத்த பிறகு என்ன சுறுசுறுப்பு! வடதுருவத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் பனிக்காலத்தில் எங்களுக்கு ஒன்பது மணிக்குத்தான் விடியும். அந்த இருட்டில், அந்தக் குளிரில், வானத்தில் வந்து உட்கார்ந்து உறவினர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வார்கள். சம்பளம் கிடையாது. மேகம் மூடிய நாட்களில் மட்டும் விடுமுறை.

பதில் சொல்லும் முறை எளிது. விடிவதற்கு முன் வானத்தில் வெளுத்த பச்சை நிறத்தில் திட்டுத் திட்டாக ஒளி தெரியும். அது அணைந்து அணைந்து எரியும். ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம். இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. மூன்று தடவை சிமிட்டினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கக் கூடாத கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர்.

இந்தப் பேச்சுவார்த்தையை நடத்தி வைத்தவர் சிமிட்டல் ஐயா. அதற்கு முன் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். மூடுவதும் திறப்பதும் அவருக்குக் கைவந்த கலை. கடை படுத்துவிட்டது. ஒரு நாள் காலையில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் வெளியில் நின்று மேலே பார்த்தாராம், அவருடைய தாத்தா கண்ணைச் சிமிட்டினாராம். அன்றிலிருந்து ஐயா ஒரு கைமணியும் நீளமான சாம்பல் நிறக் கோட்டும் வாங்கிக்கொண்டார். கோட்டு பழைய திரைச்சீலைத் துணி என்று ஒரு பேச்சு உண்டு.

முதல் வாரம் பத்துப் பேர். இரண்டாவது மாதம் முந்நூறு பேர். மீன் பதனிடும் தொழிற்சாலையின் காலை ஷிப்ட் முழுவதும் அங்கே நின்றது. சலவை நிலையத்துப் பெண்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் முதல் வரிசையில் இடம் பிடித்தார். நான் பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியைச் சூடுபடுத்திக்கொண்டே எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பார்த்ததோடு நிறுத்தினேனா? நானும் ஒரு நாள் இறங்கிப் போய், என் வழுக்கையில் மறுபடி முடி முளைக்குமா என்று என் அப்பாவைக் கேட்டேன். ஆமாம் என்று ஒரு தடவை சிமிட்டினார். இன்னும் காத்திருக்கிறேன்.

ஐயாவிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, கேள்வி கேட்டதும் ஐயா மணியடித்தால் பதில் ஆரம்பம். மறுபடி மணியடித்தால் பதில் முடிந்தது. இரண்டாவது, இந்த இரண்டு மணிக்கும் நடுவில் மட்டும்தான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் தலை குனிந்திருக்க வேண்டும்.

"அவங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. உத்துப் பாத்தா ஓடிருவாங்க" என்பார் ஐயா.

இது எங்களுக்குக் கஷ்டமாகவே இல்லை. ஏனென்றால் பனிக்காலத்தில் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் நடப்போம். உறைந்த தெருவில் வானத்தைப் பார்த்து நடந்தவன் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பான். பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் இந்தத் துருவ ஒளி இருக்கிறது. சாயங்காலம் அது பச்சைத் திரை மாதிரி ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். விடியற்காலையில் அது என்ன செய்கிறது என்று நின்று பார்த்தவர் யாரும் இல்லை. வேலைக்கு ஓடுகிற நேரம் அது.

ஐயா கேள்விக்குக் கட்டணம் வாங்கமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. தண்ணீர்தான் விற்பார். ராத்திரி முழுவதும் வானொளியில் ஊறிய தண்ணீர். எங்கள் குளிரில் வெளியில் வைத்த தண்ணீர் அரை மணியில் கல்லாகிவிடும். அதை ஐயா வீட்டு அடுப்பில் வைத்து உருக்கி, சீசாவில் அடைத்துக் கொண்டுவருவார். மூட்டுவலிக்கு ஒரு சீசா, மனவலிக்கு இரண்டு, நெஞ்சுவலி என்றால் நாற்பது சீசா என்று கணக்கு வைத்திருந்தார்.

நெஞ்சுவலிக்காரர்களில் ஒருவர் என் அண்ணி.

அண்ணி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். என் அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணியின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இரண்டு மாடி ஏறினால் நடுவில் மூன்று தடவை உட்காருவார். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். தவறினால் அடுத்த முறை நான்கு மாதம் கழித்து. "நாலு மாசம் தாங்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணியின் வீட்டுக்குப் போனேன். பையில் துணி எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். சமையலறை அலமாரியில் சீசா சீசாவாகத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்.

"நான் வரல தம்பி. உங்க அண்ணன் வேணாம்னுட்டாரு."

"அண்ணன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி."

"அதனாலதான் நம்புறேன். உயிரோட இருந்தா டாக்டர் பேச்சைக் கேட்டு அவரும் போகச் சொல்லியிருப்பாரு. இப்ப எல்லாம் தெரிஞ்ச இடத்துல இல்ல இருக்காரு?"

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லக் கணக்கு வாத்தியாராலும் முடியாது. அவர்தான் முதல் வரிசையில் நிற்கிறாரே!

"அண்ணி, விளையாட்டு இல்ல இது. உங்க உயிரு."

அண்ணி ஒரு சீசாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் தம்பி என்கூட பேசுறாரு. சொன்னதைக் கேக்காம போய்ப் படுத்துட்டேன்னா, கோவிச்சுக்கிட்டு மறுபடியும் பேசாம போயிருவாரு."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. நேராக ரேடியோ அக்கா கடைக்குப் போனேன். அறிவு தேடிப் போகவில்லை, என் பஸ்ஸில் ரேடியோ பழுது. அதைக் கொடுக்கப் போன இடத்தில் புலம்பிவிட்டேன்.

ரேடியோ அக்கா ஊரில் உள்ள படகு, பஸ் எல்லாவற்றின் ரேடியோவையும் பார்ப்பவர். வாயில் ஒரு திருகாணி, கையில் ஒன்று, பேச்சு குறைவு. நான் புலம்பி முடித்ததும் வாயிலிருந்த திருகாணியை எடுத்து வைத்துவிட்டு ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தினார். கீச் கீச் என்று ஒரே சத்தம். நூறு குருவிகள் ஒரே மரத்தில் சண்டை போடுவது போல இருந்தது.

"எங்க பிடிச்சீங்க இந்தக் குருவிகளை? இந்தக் குளிர்லயா?"

"குருவி இல்ல. மேல முப்பதாயிரம் நாப்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி எழும்புற அலை. காதுக்கு நேரா கேக்காது. ஊருக்கு வெளிய நீளமா கம்பி கட்டிப் பிடிச்சு, ஸ்பீக்கர்ல விட்டாக் கேக்கும். உங்க சிமிட்டல் ஐயாவோட செத்தவங்க இவங்கதான்."

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்ல மாவு சலிப்பீங்களா?"

"அம்மா சலிப்பாங்க."

"சல்லடையைத் தட்டுனா மாவு கொட்டும். நிறுத்துனா நின்னுரும். பூமி ஒரு பெரிய காந்தம். அதுக்குள்ள மாட்டிக்கிட்ட எலக்ட்ரான்கள் மேலயும் கீழயுமா ஓடிக்கிட்டே இருக்கு, கீழ விழ வழியில்லாம. இந்த அலை வந்து தட்டும். தட்டுனதும் கொஞ்சம் எலக்ட்ரான் வழி தவறிக் கொட்டும். நூறு கிலோமீட்டர் உசரத்துல காத்துல வந்து மோதும். அங்க வெளிச்சம் வரும். அலை நின்னா கொட்டுறது நிக்கும், வெளிச்சம் அணையும். சில செகண்டு கழிச்சு அலை மறுபடி தட்டும். அவ்வளவுதான்."

"அப்ப யாரு கேள்வி கேட்டாலும் கேக்காட்டாலும்..."

"அது பாட்டுக்குச் சலிச்சுக்கிட்டே இருக்கும்."

"ஒரு சல்லடைக்கா அக்கா முந்நூறு பேரு தலை குனிஞ்சு நிக்கிறோம்?"

"நிக்கச் சொன்னாரு, நிக்கிறீங்க" என்றார் அக்கா, திருகாணியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டே.

இதையெல்லாம் அண்ணியிடம் போய்ச் சொன்னால் நடக்குமா? எலக்ட்ரானைவிட அண்ணனைத்தான் அண்ணிக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "வியாழக்கிழமை காலையில கடைசியா ஒரு தடவை வந்து கேளுங்க. அப்பவும் வேணாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்." அண்ணி சம்மதித்தார். அவர் பார்க்காதபோது பையில் நாலு துணியை நானே திணித்து பஸ்ஸில் வைத்தேன். நகரத்துக்குப் போகிற என் வண்டி ஏழேகாலுக்கு. அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

வியாழக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முந்நூறு பேர். எல்லோர் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு. ஐயா மீன் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, வழக்கம் போல அடக்கத்தோடு ஆரம்பித்தார்.

"நான் யாரு? நான் ஒண்ணுமே இல்ல. வெறுமனே மணி அடிக்கிற ஆளு. பேசுறது அவங்க. எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

இதை அவர் தினமும் சொல்வார். கேட்டு நாங்கள் உருகுவோம். அன்றைக்கும் உருகிக்கொண்டிருந்தபோது, நான் வரச் சொல்லியிருந்த ரேடியோ அக்கா முன்னால் போனார்.

"ஐயா, வெறும் மணி அடிக்கிறதுதானே? தினமும் நீங்களே அடிச்சு கை வலிக்கும். இன்னைக்கு வேற யாராவது அடிக்கட்டுமே."

"அது... பழக்கம் வேணும்மா."

"மணி அடிக்கவா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கறையுள்ள வேறு சிலர், "ஆமாய்யா, கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றார்கள். அடக்கம் ஆபத்தான பழக்கம். தான் ஒன்றுமே இல்லை என்று முந்நூறு பேர் முன்னால் சொன்னவர், அந்த இடத்திலேயே நான்தான் எல்லாம் என்று எப்படிச் சொல்வார்? மணியைக் கொடுத்தார்.

மணியை வாங்கியவர் பேக்கரி மாஸ்டர். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஊருக்கே தெரியும். அக்கா அவருடைய கம்பளித் தொப்பியைத் தாடை வரை இழுத்துவிட்டார். வானமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. "உங்க இஷ்டத்துக்கு ஒரு தடவை அடிங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, உங்களுக்குத் தோணும்போது மறுபடி அடிங்க. அவ்வளவுதான் வேலை."

"நான் ஒரு கேள்வி கேக்குறேன்" என்றார் அக்கா. "இங்க நிக்கிற பேக்கரி மாஸ்டர் உயிரோட இருக்காரா?"

மணி அடித்தது. தலைகள் உயர்ந்தன. திட்டு ஒளிர்ந்து அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டு. மறுபடி ஒளிர்ந்து அணைந்தது. மணி அடித்தது.

இரண்டு. இல்லை.

பக்கத்தில் நின்ற பெண்மணி மாஸ்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். எங்கள் ஊர் நம்பிக்கை அவ்வளவு சுலபத்தில் சாகாது, மாஸ்டர் வேண்டுமானால் சாகட்டும்.

"என்ன வந்துச்சு?" என்று தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க செத்துட்டீங்களாம் மாஸ்டர்."

"அப்ப காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசைஞ்சது யாரு?"

ஐயா கையை உயர்த்தினார். "பாத்தீங்களா! சந்தேகப்படுற ஆளு கேட்டா அவங்க கோவத்துல தாறுமாறாத்தான் சொல்லுவாங்க. நம்புறவங்க கேக்கணும். மனசார நம்புறவங்க!"

"சரி, நம்புறவங்களே கேக்கட்டும்" என்றார் அக்கா.

சலவை நிலையத்து மேனேஜர் முன்னால் வந்தார். அவரைவிட நம்புகிறவர் ஊரில் கிடையாது. அலுவலகத்து மேஜை நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்றுகூடச் செத்துப்போன அப்பாவைக் கேட்டுத்தான் போடுவார். ஐயாவின் மானத்தைக் காப்பாற்ற, தவறவே வழியில்லாத ஒரு கேள்வியாகப் பார்த்து எடுத்தார். கண்ணில் நீர் தளும்ப, தழுதழுத்த குரலில் கேட்டார்.

"அப்பா! நான் உங்க பிள்ளைதானே?"

மணி. ஒரு சிமிட்டு. இருட்டு. மாஸ்டர் சாவகாசமாக மூக்கைச் சொறிந்துகொண்டார். இன்னொரு சிமிட்டு. மணி.

இரண்டு. பிள்ளை இல்லையாம். மேனேஜரின் அம்மா மேனேஜருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எவன்டா அவன் சொன்னது?" என்றார் அந்த அம்மாள். "நாப்பது வருஷம் அந்த மனுஷனுக்குப் பொங்கிப் போட்டிருக்கேன். செத்த பிறகு வானத்துல உக்காந்துக்கிட்டு இப்படி ஒரு பேச்சா? அவரு வாயில இருந்து ஒருநாளும் வராது! இது அவரே இல்ல! யோவ் ஐயா, யாரைய்யா மேல உக்கார வச்சிருக்க?"

எத்தனையோ பேர் புத்தகம் படித்துப் பகுத்தறிவு பெற்றிருக்கிறார்கள். எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. அந்த அம்மாளுக்கு எட்டு செகண்டில் வந்தது. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் லேசாக வர ஆரம்பித்தது.

"இப்ப மணியே வேணாம்" என்றார் ரேடியோ அக்கா. "யாரும் எதுவும் கேக்காதீங்க. தலையையும் குனியாதீங்க. சும்மா மேல பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக முந்நூறு பேரும் ஒன்றாக, தொடர்ந்து, விடியற்கால வானத்தைப் பார்த்தோம். ஒளிர்ந்தது, அணைந்தது. ஒளிர்ந்தது, அணைந்தது. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு, ஒவ்வொன்றும் தன் தாளத்தில். கணக்கு வாத்தியார் வாய்விட்டு எண்ணினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இருபத்தைந்தில் நிறுத்திவிட்டு, தன் காலணியைப் பார்த்தார். அக்கா வேலிக்கு வெளியே கட்டியிருந்த கம்பியின் நுனியைத் தன் ரேடியோப் பெட்டியில் சொருகி ஸ்பீக்கரைத் திருகினார். மேலே ஒரு திட்டு ஒளிரும்போதெல்லாம் கீச் கீச் என்றது. அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு நாளும் பதில் எண்ணிக்கொண்டிருந்ததில் அழகைக் கவனிக்கவில்லை.

ஐயா மெதுவாக மீன் பெட்டியிலிருந்து இறங்கினார்.

அப்போது அண்ணி பேக்கரி மாஸ்டரிடம் போய் மணியைக் கேட்டு வாங்கினார். அண்ணி வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் ஆபரேஷனுக்குப் போகலாமா?"

மணியடித்தார். ஒரு சிமிட்டு. உடனே மணியடித்தார்.

மறுபடியும் அதே கேள்வி. மணியடித்தார். ஒரு சிமிட்டு. பொறுத்தார். இரண்டாவது சிமிட்டு. மணியடித்தார்.

"நான் எப்ப நிறுத்துறேனோ, அதுதான் பதிலா?" என்று ரேடியோ அக்காவைக் கேட்டார்.

"ஆமாம்மா."

அண்ணி மணியை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்த அவருக்கு மூச்சு போதாது.

"தினமும் காலையில தலை சீவிட்டு வந்தேன்யா, அவரு பாப்பாருன்னு."

"ஆறுதலுக்குத்தாம்மா..." என்று ஐயா இழுத்தார். "நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கல. மனசுக்கு ஒரு ஆறுதல்..."

"ஆறுதலா? கல்யாணமாகி இருபது வருஷத்துல எனக்கு நல்லது எதையும் அவரு வேணாம்னு சொன்னதே இல்ல. நீதான்யா அவரை ரெண்டு தடவை சிமிட்ட வச்ச."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அந்த விதியை அவர் கடைப்பிடித்து அன்றுதான் பார்த்தேன். மேனேஜரின் அம்மா தண்ணீர் சீசாக்கள் இருந்த வண்டியைக் குடை சாய்த்தார். யாரும் தடுக்கவில்லை. கொட்டிய தண்ணீர் உறைந்த தரையில் பரவ, ஓடப் பார்த்த ஐயாவே அதில் வழுக்கி உட்கார்ந்தார். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். நாங்கள் கெட்டவர்கள் அல்ல, யோசிக்காதவர்கள், அவ்வளவுதான்.

"மணி என்ன ஆச்சு தம்பி?" என்றார் அண்ணி.

"ஏழு அடிச்சு பத்து நிமிஷம்."

"துணி எடுத்து வைக்கலையே."

"வண்டியில இருக்கு அண்ணி."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஊர் எல்லை வரை அழுதார். புருஷனை இரண்டாவது தடவை பறிகொடுத்தவர் அவர். வானத்தில் திட்டுகள் அது பாட்டுக்கு எரிந்து எரிந்து அணைந்தன. நகரம் நெருங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியைக் கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டேன்" என்றார்.

வால்வை மாற்றிவிட்டார்கள். அண்ணி இப்போது இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறி, மேலே போய் நின்று என்னைத் திட்டுகிறார். ரேடியோ அக்கா என் பஸ் ரேடியோவை இன்னும் சரிசெய்து கொடுக்கவில்லை. பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் ஐஸ்கட்டி விரிசலில் செத்தவர்களின் பதிலைப் படித்துக் குறி சொல்கிறாராம், நல்ல கூட்டமாம், எங்கள் மேனேஜர் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று என்னைக் கேட்கிறார். தாராளமாகப் போங்கள் என்றேன். போகிற வழியில் ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே போங்கள் மேனேஜர்: செத்தவர்களிடம் யோசனை கேட்க இத்தனை தூரம் போகிறீர்களே, உயிரோடு இருக்கிற உங்கள் மூளையை எப்போதாவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?